நாவடக்கம் அருளிய நாயகர்

திருநெல்வேலி டவுணில் பிறந்து, வாகையடி முக்குக்கும் சந்திப்பிள்ளையார் முக்குக்கும் நடுவே நடமாடியே தலை நரைத்துப்போன அடியேன், அறுபது வருடமாக இந்த ஊரின் சளசளப்பைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவன். கண் மூடுவதற்குள் ஒருநாளாவது இங்கே அமைதி வந்து குடியேறாதா என்று ஏங்கிக் கிடந்தவன். அந்த ஏக்கத்தைத் தீர்த்துவைத்த இரு பெருந்தகைகளுக்குப் பரணி பாடப் புலமை போதாமையால் உரைநடையிலேயே அடிபணிகிறேன். ஒருவர் ஊரடங்கு மாமன்னர். மற்றவர், அம்மன்னரால் வீடுதோறும் செவிலித்தாயாக நியமனம் பெற்று, மன்னர் மறைந்த பின்னும் பதவியை விட்டு இறங்காமல் கோலோச்சிவரும் கைப்பேசியார். இவ்விருவரும் கூடி எங்கள் சின்னஞ்சிறுசுகளுக்கு அருளிய வரம் சாமானியமானதன்று. முனிவர்கள் காட்டுக்குப் போய், புற்று மூடக் கிடந்து பெற்ற அந்த நாவடக்கத்தை எங்கள் பிள்ளைகள் பால்குடி மறக்குமுன்பே பெற்றுவிட்டார்கள்.

வரத்தின் அருமை விளங்க வேண்டுமானால் பழைய காட்டுமிராண்டிக் காலத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் வளவில் ஏழு வீடு, ஒரு முற்றம், ஒரு கிணறு. அங்கே ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் அதன் கதி அதோகதி. விடிந்து தொட்டிலில் கண் திறந்ததுமே ஆச்சி வந்து முகத்துக்கு நேரே குனிந்து, “எய்யா, முழிச்சிட்டியளா? ராசாவுக்கு ஒறக்கம் தெளிஞ்சிட்டா?” என்பாள். பதில் வராது என்று தெரிந்தும் ஒரு நொடி நிறுத்துவாள். பிள்ளை “ங்கா” என்னும். “ஆமா, தெளிஞ்சிட்டாம்லா” என்று அந்த ‘ங்கா’வுக்கும் ஒரு மறுமொழி சொல்லி, மறுபடி நிறுத்துவாள். அர்த்தமில்லாத இரண்டு எழுத்தை ஒரு பேச்சாக மதித்துப் பதில் சொல்லுகிற அந்த வீண்வேலைக்குக் காலையில் மட்டும் அரைமணி நேரம் போகும்.

அதோடு விட்டார்களா? எதிர்வீட்டு மைனி, தண்ணீர் இறைக்க வந்த அத்தை, பால்காரர், கீரைக்கூடையை இறக்கிவைத்துவிட்டு மூச்சு வாங்குகிற அம்மாள், வாசலோடு போகிற அண்ணாச்சி என்று வருகிறவர் போகிறவர் எல்லாரும் குறுக்கு விசாரணைதான். “மூக்கு எங்க இருக்கு? காக்கா எங்கலே போச்சி? மாமா பேரு என்ன, சொல்லு பாப்போம்.” கேட்கிறவருக்கு மூக்கு இருக்கும் இடம் நன்றாகத் தெரியும். தெரிந்தும் கேட்பார்கள். போலீஸ் ஸ்டேஷனில்கூடத் தெரிந்த விஷயத்தை இத்தனை தடவை கேட்கமாட்டார்கள். இந்தச் சித்திரவதை தாங்காமல்தான் பிள்ளை ஒன்றேகால் வயதில் ‘தேரு’ என்றும் ஒன்றரை வயதில் ‘ஏலே’ என்றும் வாக்குமூலம் கொடுக்கத் தொடங்கும். இரண்டு வயதில், வேலையாகக் கிளம்புகிற பெரியவரைப் பார்த்து “எங்க போறீய?” என்று சகுனத்தடையாகக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

இந்த ஊரார் கல்லையே சும்மா விட்டவர்கள் இல்லை. நெல்லையப்பர் கோயில் மண்டபத்து இசைத்தூண்களைத் தட்டித் தட்டி, கல்லையும் வாய் திறக்கவைத்தவர்கள். அப்படிப்பட்ட ஊரில் பிள்ளை வாய் மூடி இருக்குமா என்று நானும் அவநம்பிக்கையோடுதான் இருந்தேன். இருக்கும் என்று காட்டினார் மாமன்னர்.

2020 மார்ச் 22 அன்று ஒருநாள் ஒத்திகை. 24-ஆம் தேதி மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144. மறுநாள் முதல் நாடு முழுக்க 21 நாள் என்று முடிசூடிக்கொண்டார். கிருமியை அடக்க வந்தவர் அவர் என்பதை நான் மறுக்கவில்லை. கிருமிக்குப் பயந்து தார்சாவில் பதுங்கிக் கிடந்தவர்களில் அடியேனும் ஒருவன். அவர் வராதிருந்தால் இந்தப் புகழுரையை எழுத நான் இருந்திருப்பேனோ என்னவோ. என் வியப்பெல்லாம், வந்த வேலையோடு நில்லாமல் கூடுதலாக அவர் செய்த திருப்பணியைப் பற்றித்தான்.

எங்கள் வளவில் அந்த ஏப்ரலில் ஒரு ஆண்பிள்ளை பிறந்தான். அம்மையைப் பெற்ற ஆச்சி தென்காசிப் பக்கம். 2019 நவம்பர் 22-இல்தான் தென்காசி தனி மாவட்டமாகப் பிறந்திருந்தது. ஐந்து மாதம் முன்புவரை ஒரே மாவட்டத்துக்குள் இருந்த ஆச்சி இப்போது அயல்நாட்டுக்காரி ஆகிவிட்டாள். எல்லை தாண்ட ஈ-பாஸ் வேண்டும். கல்யாணத்துக்குக் கொடுப்பார்கள், சாவுக்குக் கொடுப்பார்கள், அவசர வைத்தியத்துக்குக் கொடுப்பார்கள். பேரனைக் கொஞ்சுவது என்று ஒரு கட்டம் அந்த விண்ணப்பத்தில் இல்லை. எவ்வளவு தொலைநோக்கு! கொஞ்ச வருகிறவள் சும்மா கொஞ்சுவாளா, பேசுவாளே.

ஆச்சி அதற்கும் அடங்காமல் வீடியோ காலில் வந்தாள். ஆனால் போன் என்றால் காதில் வைப்பது என்றே பழகிய கை அவளுக்கு. “எய்யா, ஆச்சியத் தெரியுதா?” என்று கேட்டபடியே காதில் வைத்துக்கொள்வாள். ஆகவே எங்கள் வளவுப் பேரன் பல மாதம் தரிசித்தது ஒரு வலது காதையும் அதில் ஆடுகிற பாம்படத்தையும் மட்டுமே. ஆச்சி என்பது பேசுகிற ஒரு காது என்று அவன் நம்பினான். முகம், உதடு, பல், நாக்கு என்று தேவையில்லாத உறுப்புகளைக் காட்டிப் பிள்ளையைக் குழப்பாத அந்தச் சிக்கனத்தை என்னவென்று புகழ்வது! அதுவும் எந்த எண்ணைத் தட்டினாலும் எடுத்த எடுப்பில் ஒரு இருமல் கேட்கும் காலம் அது. தாலாட்டுக்கு முன் இருமல் கேட்டு வளர்ந்த தலைமுறை, தமிழகத்தில் இதற்கு முன் இருந்ததாக எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

2020, 2021 என்று இரண்டு ஆனியிலும் நெல்லையப்பர் தேர் நிலையை விட்டு அசையவில்லை. நாலு ரதவீதியிலும் வடம் பிடிக்கிற கூட்டம் இல்லை, அப்பா தோளில் ஏறி உட்கார்ந்து விரலை நீட்டி ‘தேரு, தேரு’ என்று கத்துகிற பிள்ளை இல்லை. டவுண் பிள்ளைகளின் வாயில் வழிவழியாக முதலில் விழுகிற சொற்களில் ஒன்றுக்கு இரண்டு வருடம் விடுமுறை அளித்த பெருமான் அவர்.

இனிச் செவிலித்தாயின் புகழுக்கு வருகிறேன். பிள்ளைக்குப் பேச்சு வராவிட்டால் எங்கள் ஆச்சிமார் வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவார்கள். அந்த வசம்புக்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று ஒரு பெயர் உண்டு. நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய அந்தக் கருத்த குச்சிக்கு அப்படியொரு பட்டம் கொடுத்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். உண்மையான பிள்ளை வளர்ப்பான் ஆறங்குல நீளத்தில், கண்ணாடி முகத்தோடு, சார்ஜர் சகிதம் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

அவர் வந்தபின் சோறூட்டல் எத்தனை சுலபம்! முன்பெல்லாம் ஒரு கிண்ணம் பருப்புச்சோறு இறங்க, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் போக வேண்டும். காக்காவைக் காட்டி, நாயைக் கூப்பிட்டு, நிலாவோடு பேரம் பேசி, போகிற மாட்டுக்கு ஒரு பேர் வைத்து, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பொய் சொல்ல வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்கு எத்தனை சொற்கள் செலவு! இப்போது கைப்பேசியாரைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து நிறுத்தினால் போதும். பிள்ளையின் வாய் தானாகத் திறக்கிறது. ஊட்டுகிறவளும் வாய் திறக்க வேண்டியதில்லை, அவள் கையில் அவளுக்கென்று இன்னொரு கைப்பேசியார். பசித்தது, புளித்தது, போதும், இன்னும் வேணும் என்ற சில்லறைச் சொற்களுக்கு அங்கே வேலையே இல்லை. பிள்ளை எதைத் தின்றான் என்று அவனுக்கும் தெரியாது. ருசியைக் கடந்த நிலை அது. பட்டினத்தார் படாத பாடு பட்டு எட்டிய நிலை.

அவர் குணநலன்களில் என்னை ஆட்கொண்டது அந்தத் தாராளம். ரைம்ஸில் வருகிற கரடியார் “சிவப்புப் பந்து எங்கே இருக்கிறது?” என்று கேட்பார். மூன்று விநாடி கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிற்பார். பிறகு “வெரி குட்! சரியாகச் சொன்னாய்!” என்று கைதட்டுவார். பிள்ளை சொன்னானா? சொல்லவில்லை. கொட்டாவி விட்டான். கொட்டாவிக்கும் வெரி குட். தூங்கிப்போனாலும் வெரி குட். எங்கள் ஆச்சிமாரிடம் இந்தப் பெருந்தன்மை கிடையாது. அவர்கள் கதை சொல்ல உட்கார்ந்தால் முதல் நிபந்தனையே ‘உம் கொட்டணும்’. ஒரு ஊர்ல ஒரு நரி இருந்துச்சாம். உம். அந்த நரிக்கு ரொம்பப் பசியாம். உம். அந்த ‘உம்’ விழாவிட்டால் நரி அங்கேயே நிற்கும், பசியோடு. பேச வராத பிள்ளையிடம்கூட அந்த ஈரெழுத்து வரியை ஈவிரக்கமின்றி வசூலித்தவர்கள் அவர்கள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும், ஒருவர் முடித்த இடத்தில் மற்றவர் தொடங்க வேண்டும் என்ற கெட்ட வழக்கம் பிள்ளைகளுக்கு அந்த ‘உம்’மிலிருந்துதான் தொற்றியது. கைப்பேசியார் உம் கேட்பதில்லை. எட்டு மணி நேரமானாலும் வரி விலக்கு.

எங்கள் அரசாங்கத்தின் முன்னுரிமை ஞானத்தைப் பாடாமல் விட்டால் இந்தப் புகழுரை ஊனமாகும். பிள்ளைகள் அங்கன்வாடிக்கு வந்தால் கூடி உட்கார்வார்கள், ஒருவன் பென்சிலை ஒருத்தி பிடுங்குவாள், ‘எனக்கு’ என்ற சொல்லும் ‘தா’ என்ற சொல்லும் ‘மாட்டேன்’ என்ற சொல்லும் அந்த ஒரு பிடுங்கலில் பிறந்துவிடும். ஆகவே மாநிலம் முழுக்க 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகளை 2020 மார்ச்சில் மூடி, சத்துமாவை மட்டும் வீட்டுக்கு அனுப்பினார்கள். வயிற்றுக்கு உண்டானது வந்தது; வாய்க்கு உண்டானது வரவில்லை. அங்கன்வாடிப் பாடத்திட்டத்துக்கு ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்று பெயர் என்பதையும் இங்கே பணிவோடு நினைவூட்டுகிறேன். ஆடுவது, பாடுவது, விளையாடுவது ஆகிய மூன்றுமே அப்போது தடை. மிச்சம் இருந்தது பாப்பா.

அதே அரசு டாஸ்மாக்கை 2020 மே 7-ஆம் தேதியே திறந்துவிட்டது. மறுநாள் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொல்ல, உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடித் தடை வாங்கி, மே 16-இல் மீண்டும் திறந்தார்கள். மழலையர் பள்ளிகளும் விளையாட்டுப் பள்ளிகளும் திறந்தது 2022 பிப்ரவரி 16-இல். இடையில் ஒன்றே முக்கால் வருடம். இதைக் குறை சொல்லும் குறுமதியாளர் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வேன். குழறுவதும் மழலைதானே? பிள்ளைகளின் மழலை தடைபட்ட அந்த நெருக்கடியிலும் தமிழ்நாட்டில் மழலை அடியோடு அற்றுப்போகாமல், நாற்பது வயதுக்காரர்களைக் கொண்டு சாயங்காலந்தோறும் தெருமுக்கில் காப்பாற்றி வைத்த அரசு அது. மழலை கேட்டு மகிழ விரும்பிய தாய்மார்கள் இரவு ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தால் போதுமானதாக இருந்தது.

முகக்கவசத்துக்கும் ஒரு கும்பிடு போட வேண்டும். பிள்ளைகள் அஞ்சாறு மாதத்திலிருந்தே பேசுகிறவர் கண்ணை விட்டுவிட்டு வாயைப் பார்க்கத் தொடங்குமாம். உதடு எங்கே குவிகிறது, நாக்கு எங்கே தொடுகிறது என்று ஒற்றறியுமாம். அந்த ஒற்று வேலையை ஒரு முழத் துணியால் முறியடித்தார் மாமன்னர். நெல்லைச் சீமையில் ழகரத்தை முன்பே ளகரத்திடம் அடகு வைத்துவிட்டு ‘வாளப்பளம்’ தின்கிறவர்கள் நாங்கள். மீதி எழுத்துகளையும் சேர்த்து அடகு வைக்க இதைவிட நல்ல முகூர்த்தம் வாய்க்காது.

இது ஏதோ தாமிரபரணித் தண்ணீரின் விசேஷம் என்று எண்ணிவிடாதீர்கள். மாமன்னரின் புகழ் கடல் கடந்தது. அயர்லாந்தில் 2020 மார்ச் முதல் மே வரைக்குள் பிறந்த 309 குழந்தைகளை அங்குள்ள மருத்துவர்கள் முதல் பிறந்தநாளில் கணக்கெடுத்து, பத்து வருடம் முந்திப் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, 2022-இல் வெளியிட்டார்கள். பொருளுள்ள ஒரு சொல்லாவது சொல்லும் குழந்தைகள் முன்பு 100-க்கு 89, இப்போது 77. விரல் நீட்டிக் காட்டும் குழந்தைகள் 93 இருந்தது 84 ஆயிற்று. டாட்டா காட்டும் குழந்தைகள் 94-லிருந்து 88. நியாயம்தானே? வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் பார்த்து முடித்தாகிவிட்டது, விரலை நீட்டி எதைக் காட்டுவது? யாரும் வரவில்லை, ஆகவே யாரும் போகவும் இல்லை. போகாதவருக்கு எப்படி டாட்டா காட்டுவது? அந்தக் குழந்தைகளில் நாலில் ஒன்று, தன் வயதொத்த இன்னொரு குழந்தையை ஒரு வயதுவரை கண்ணாலும் கண்டதில்லை. பெருமைக்குரிய செய்தி ஒன்றும் அதே கணக்கில் உண்டு: தவழ்வதில் மட்டும் முந்தியவர்களை மிஞ்சிவிட்டார்கள். 91 போய் 97-க்கும் மேல். பேச்சைத் துறந்து நாலு காலில் நடக்கும் கலையில் மனிதகுலம் அடைந்த முன்னேற்றத்துக்கு எழுத்துபூர்வமான சான்று இதைவிட வேறென்ன வேண்டும்?

கைப்பேசியாரின் பெருமையைக் கெடுக்க என்றே 2003-இல் சியாட்டில் நகரத்திலிருந்து ஒரு சோதனையை வெளியிட்டுவைத்திருக்கிறார்கள். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளில் ஒரு கூட்டத்திடம் நேரில் உட்கார்ந்து, பொம்மையும் புத்தகமும் காட்டி, சீனமொழியில் பன்னிரண்டு அமர்வு பேசினார்கள். இன்னொரு கூட்டத்துக்கு அதே பேச்சு, அதே ஆட்கள், தொலைக்காட்சித் திரையில். நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. திரையில் கேட்டவை ஒரு ஒலியும் கற்கவில்லை. இதைச் சிலர் திரையின் தோல்வி என்கிறார்கள். நான் அதன் கற்பு என்பேன். பிள்ளையின் மூளையைத் தொடாமலே பிள்ளையைப் பன்னிரண்டு அமர்வு உட்காரவைத்த பண்பு எந்த ஆசிரியருக்கு வரும்? உலக சுகாதார நிறுவனம் 2019-இலேயே ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே கூடாது, நாலு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவைத்திருப்பதும் பொறாமை அல்லாமல் வேறில்லை.

நம் புலவர்களுக்கு இந்தக் காலத்தின் அருமை தெரியாமல் போனதே என்று சில சமயம் ஏங்குவேன். பிள்ளைத்தமிழ் பாடினவர்கள் பத்துப் பருவம் வகுத்தார்கள். மூன்றாவதற்குப் பெயர் தால். தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டித் தாலாட்டுவதால் அப்பெயர். பிறகு கைகொட்டச் சொல்லும் சப்பாணி, வா வா என்று அழைக்கும் வாரானை, நிலாவைக் கூப்பிடும் அம்புலி, சிறுதேர் என்று போகும். ஒவ்வொரு பருவத்திலும் யாராவது ஒருவர் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறார்! இத்தனை ஆள்செலவு இனித் தேவையில்லை. பத்துப் பருவத்தையும் கைப்பேசியார் ஒரே பருவமாகச் சுருக்கிவிட்டார். பேட்டரி 100 சதவீதத்தில் தொடங்கும், 15-க்கு வரும்போது அழுகை வரும். அந்த அழுகை ஒன்றுதான் அவர் ஆட்சியில் மிஞ்சியிருக்கும் தாய்மொழி.

பிள்ளைத்தமிழில் பேர் பெற்ற குமரகுருபரர் எங்கள் ஆற்றங்கரைக்காரர்தான், ஸ்ரீவைகுண்டம். ஐந்து வயதுவரை பேசாதிருந்து, பெற்றோர் திருச்செந்தூருக்குத் தூக்கிக்கொண்டு போய் வரங்கிடக்க, முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்று வரலாறு. பதினேழாம் நூற்றாண்டில் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதற்கும் அப்படி ஒரே ஒரு பிள்ளைதான் வாய்த்தது. இன்று தெருவுக்கு ரெண்டு பேர். வித்தியாசம் ஒன்றுதான்: குமரகுருபரரின் பெற்றோர் அவர் பேசவில்லை என்பதைக் கவனித்திருந்தார்கள்.

எங்கள் வளவுப் பேரன் அப்படி முழுக்க வாய்மூடி இருந்துவிட்டதாகச் சொல்லி அவன் செவிலித்தாயை இழிவுபடுத்தமாட்டேன். மூன்றேகால் வயதில் பேசினான். எப்படிப்பட்ட தமிழ்! ஈ-பாஸ் எல்லாம் ஒழிந்து ஆச்சி வந்து தங்கியிருந்த சமயம். செருப்பு மாட்ட முடியாமல் தவித்தவன் அவளை நிமிர்ந்து பார்த்து, “நண்பரே, எனக்கு உதவ முடியுமா?” என்றான். ஆச்சி கையிலிருந்த வாரியலைக் கீழே போட்டுவிட்டு, “ஏட்டி, இங்க வா. இது ஆரு பெத்த பிள்ளைட்டி?” என்று மகளைக் கூப்பிட்டாள். ‘அடக் கடவுளே, என்ன ஒரு அழகான நாள்!’ என்பான் வெயில் மண்டையைப் பிளக்கிற மே மாதத்தில். அகத்தியர் பொதிகையில் உட்கார்ந்து இலக்கணம் செய்ததாகச் சொல்கிறார்களே, அந்த மலையடிவாரத்தில் ‘ஏலே’ என்ற சொல் அறியாத ஒரு பையன், டப்பிங் ஸ்டுடியோவில் பிறந்த செந்தமிழோடு உலவுகிறான். கால்டுவெல் இடையன்குடியில் இன்னும் இருந்தால் திராவிட மொழிகளின் பட்டியலில் ஒன்று கூட்டியிருப்பார். ஒரே ஒரு குறை. அவன் பேசுவதற்கு நாம் ஏதாவது பதில் சொன்னால், அது முடியும்வரை அவன் நிற்பதில்லை. நம் முகத்தில் விரலை வைத்து ஒதுக்கித் தள்ளுகிறான், அடுத்தது வரட்டும் என்று.

ஒருகட்டத்தில் பெற்றவர்களுக்கே சந்தேகம் வந்து, பாளையங்கோட்டைப் பக்கம் பேச்சுப் பயிற்சி தரும் ஒரு அம்மையாரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். அதுவரை வளவில் ஆளுக்கொரு சமாதானம் இருந்தது. ஆம்பிளப் பிள்ள லேட்டாத்தான் பேசும். அவுக அப்பாவும் நாலு வயசுலதான் பேசுனாவ. ஸ்கூலுக்குப் போனா எல்லாம் சரியாயிரும். நானும் ஒன்றிரண்டு சமாதானம் சொன்னவன்தான். அந்த அம்மையார் காதைச் சோதித்தார், நாக்கைப் பார்த்தார், அரைமணி நேரம் தரையில் உட்கார்ந்து பந்து உருட்டினார். எல்லாம் முடிந்து, “காதும் நல்லா இருக்கு, நாக்கும் நல்லா இருக்கு. வீட்டுல இவங்கூட யார் பேசுவீங்க?” என்று கேட்டார். தகப்பனார் அம்மையைப் பார்த்தார். அம்மை தகப்பனாரைப் பார்த்தார். கடைசியில் மருந்து என்று அவர் எழுதியது இதுதான்: போனை எடுத்துவிடுங்கள், நீங்கள் பேசுங்கள், அவன் பதில் சொல்லக் காத்திருங்கள், மற்ற பிள்ளைகளோடு விடுங்கள். தகப்பனாருக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. “ரூவாயும் வாங்கிட்டு ஒரு டானிக்குகூட எழுதித் தரலையே அண்ணாச்சி” என்று என்னிடம் வந்து வருத்தப்பட்டார். வருத்தப்படும்போது அவர் கையிலும் கைப்பேசியார் இருந்தார். நான் சொன்ன ஆறுதலுக்கும் தலையை நிமிர்த்தாமலே “ம்” என்றார்.

அதே பாளையங்கோட்டையில், காது கேளாத பிள்ளைகளை எதிரே உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கும் பள்ளிக்கூடம் நூறு வருடத்துக்கு மேலாக நடக்கிறது. ஃபிளாரன்ஸ் சுவைன்சன் என்ற ஆங்கில அம்மாள் கப்பலேறி வந்து தொடங்கியது. வந்த இடத்தில் கேளாத பிள்ளைகளுக்கு மொழியைக் கொண்டு சேர்க்க அத்தனை பாடு பட்டாள் அந்த அம்மாள். கேட்கிற காதையும் பேசுகிற நாக்கையும் வீட்டிலிருந்தபடியே, மாதம் ஒரு ரீசார்ஜ் செலவில், இருந்த இடம் தெரியாமல் அடக்கிவைத்தோம் நாம். எது அரிய சாதனை என்று அறிவுடையோர் தீர்மானிக்கட்டும்.

மாமன்னர் போய் வருடங்கள் ஆகிவிட்டன. தேர் ஓடுகிறது, பஸ் ஓடுகிறது, நயினார்குளம் மார்க்கெட்டில் பழையபடி தக்காளிக்குச் சண்டை நடக்கிறது. அவர் காலத்தில் பிறந்தவர்கள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்கள். அவருக்குப் பின் பிறந்த பிள்ளைகள் அவர் முகமே அறியாதவர்கள். ஆனாலும் பாருங்கள், அவர் வகுத்த நெறி கொஞ்சமும் வழுவவில்லை. வளவில் ஐந்து வீட்டுக்கு இப்போது இரும்புக் கேட்டு. கிணற்றுக்கு மூடி. முற்றத்தில் பிள்ளைகள் இல்லை, பைக்குகள் நிற்கின்றன. எந்தச் சட்டமும் இல்லாமல், எந்தப் போலீசும் மறிக்காமல், எங்கள் வீட்டு ஊரடங்கை நாங்களே விசுவாசத்தோடு நீட்டித்துவருகிறோம்.

போன வாரம் கரண்ட் போன ராத்திரி ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து, பேரனுக்குப் பின் பிறந்த சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு கதை ஆரம்பித்தாள். ஒரு ஊர்ல ஒரு நரி இருந்துச்சாம் என்று சொல்லி நிறுத்தினாள். சின்னவள் பேசவில்லை. ஆச்சியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், இருட்டில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு. “உம் சொல்லுட்டி, என் ராசாத்தி” என்றாள் ஆச்சி. மறுபடியும் காத்திருந்தாள். சின்னவளின் உதடு லேசாகக் குவிந்தது போலத்தான் எனக்குப் பட்டது. அதற்குள் தெருவெல்லாம் பளீரென்று கரண்ட் வந்துவிட்டது. உள்ளே கைப்பேசியார் சார்ஜ் ஏறத் தொடங்கியதற்கு அடையாளமாகக் கிணுக்கென்று ஒரு ஒலி எழுப்பினார். சின்னவள் மடியை விட்டு இறங்கி, பிழையில்லாமல் தவழ்ந்து, உள்ளே போய்விட்டாள். நரி அந்த ஊரிலேயே நிற்கிறது.